சொல்லாத விதிகளைச் சொல்லிக் கொடுப்போம்

மொழியைக் கற்பது இலக்கணத்தோடு முடிவதன்று. விடைபெறுகிறவர் 'போகிறேன்' என்னாமல் 'வருகிறேன்' என்கிறார். தெருவில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்பவர் சோற்றைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. விருந்தினர் முதன்முறை 'வேண்டாம்' என்றால் மறுமுறையும் கேட்க வேண்டும். இவற்றை எந்தப் பள்ளியிலும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. பார்த்தும் கேட்டும் நாமே அறிந்துகொண்டோம். ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலருக்கு இவை இவ்வாறு தாமாகப் புலப்படுவதில்லை. 'வருகிறேன்' என்று சொல்லிச் சென்ற மாமாவுக்காக அக்குழந்தை வாசலிலேயே காத்து நிற்கக்கூடும். அதைக் கண்டு நகைப்போரும் உளர். 'வளர்ப்புச் சரியில்லை' என்று தாயைப் பழிப்போரும் உளர். சொல்லாத விதியை அறியவில்லை என்று ஒரு குழந்தையைக் குற்றம் சாட்டுவது நீதியன்று என்பதே நம் கருத்து.

ஆட்டிசத்தை லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். தாயின் அன்புக் குறையே இதற்குக் காரணம் என்று மேனாட்டிலும் ஒரு காலத்தில் பழி சுமத்தினர். அக்கருத்துப் பின்னர்த் தவறென்று தள்ளப்பட்டது. இது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. கண்ணேறும் அன்று, ஜின்னின் தீண்டலும் அன்று. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுக்கொண்டுள்ளன. எனவே இக்குழந்தைகளுக்கு நாம் செய்வது இரக்கச் செயலன்று. அவர்களுக்கு உரியதைத் தருவதாகும்.

விதிகளை வெளிப்படையாகச் சொல்வது நம் மரபுக்குப் புதிதன்று. பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை உண்ணும் முறையையும் நீராடும் முறையையும் நூறு பாடல்களில் எடுத்துரைக்கிறது. பெற்றோரின் அறைக்குள் நுழையுமுன் குழந்தைகள் அனுமதி கேட்க வேண்டிய மூன்று வேளைகளைத் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் தனித்தனியே குறிப்பிடுகிறது. வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும் ஸலாம் கூற வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். திருப்பாலைவனத்தைக் கடந்து பழவேற்காட்டு ஏரிக்கரைக்குச் சென்றால் அங்கும் இதே தெளிவைக் காணலாம். எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலையிடுவது என்பதை மீனவர்களின் 'பாடு' முறை முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. முறை தெரிந்திருப்பதால் பூசல் குறைகிறது. பெரியவர்களுக்கே இத்தெளிவு வேண்டியிருக்கும்போது குழந்தைக்கு வேண்டாமா?

எவ்வாறு கற்பிப்பது? ஒரு வேளையில் ஒரு விதி போதும். 'ஓடாதே' என்பதைவிட 'என் கையைப் பிடித்துக்கொண்டு நட' என்பது தெளிவு. 'ஒழுங்காக இரு' என்பது குழந்தைக்கு எதையும் சொல்வதில்லை. அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் சமூகக் கதைகள் என்னும் முறையை வகுத்தார். ஓர் இடத்தில் என்ன நடக்கும், ஏன் நடக்கும், நாம் என்ன செய்யலாம் என்பதைச் சிறுசிறு வாக்கியங்களிலும் படங்களிலும் முன்னதாகவே சொல்வது அது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுமுன், ஆளில்லாத வேளையில் பள்ளிவாசலைக் காட்டலாம். செருப்பை எங்கே விடுவது, ஒலிபெருக்கி எப்போது ஒலிக்கும், தாங்கமுடியாவிட்டால் எந்த வாசல் வழியே வெளியே வருவது என்று சொல்லி வைக்கலாம்.

ஏரிக்கரைச் சிற்றூர்களில் எல்லாவற்றுக்கும் முந்திய விதி நீரைப் பற்றியது. இக்குழந்தைகளில் பலர் நீரால் ஈர்க்கப்படுகின்றனர். சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறுவோரும் உளர். 'பெரியவர் உடன் இருந்தால்தான் தண்ணீர் அருகே செல்வேன்' என்பதைக் கரையிலேயே நாள்தோறும் பழக்க வேண்டும். கற்பித்துவிட்டோம் என்று காவலைத் தளர்த்தலாகாது. படகடியில் இருப்போர் அனைவரும் அக்குழந்தையை அடையாளம் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்றை எச்சரிக்கையாகக் கூறுகிறோம். கீழ்ப்படிதலை மட்டும் கற்பித்தால் தீயவர் சொல்லுக்கும் குழந்தை கீழ்ப்படியும். 'வேண்டாம்' என்று மறுக்கவும், தன்னைத் துன்புறுத்தியவரைப் பற்றி வீட்டில் சொல்லவும் அதற்குக் கற்பிக்க வேண்டும். கண்ணைப் பார்த்தே பேச வேண்டும் என்று வற்புறுத்துவதும், கையசைத்து மனத்தை அமைதிப்படுத்திக்கொள்வதைத் தடுப்பதும் கற்பித்தல் ஆகா.

விதிகள் நமக்கும் உண்டு. புரியாமை இருபுறத்தது என்று ஆட்டிசம் உடைய அறிஞரான டேமியன் மில்டன் 2012ஆம் ஆண்டில் எழுதினார். சுருக்கமாகப் பேசுவதும், விடைக்குக் காத்திருப்பதும், உற்று நோக்காமல் இருப்பதும் நாம் கற்க வேண்டியவை. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு தேடி வந்த நிகழ்ச்சியை ஒட்டி இறங்கியது திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயம். கற்க வருவோரைப் புறக்கணிக்கலாகாது என்பதற்கு அதனினும் பெரிய பாடம் வேண்டுவதில்லை. ஆகவே, மத்ரஸாவிலும் திருமண மண்டபத்திலும் இக்குழந்தைக்கு இடமில்லை என்ற சொல் எழாதவாறு காப்பது ஜமாஅத் பெரியோர்களின் பொறுப்பு.

தமிழ் மாணவர்களுக்கும் ஒரு பணி காத்திருக்கிறது. பழவேற்காட்டுக் குழந்தைக்கு வெளிநாட்டுப் பேரங்காடியைப் பற்றிய கதை எதற்கு? ஏலக்களம், படகடி, பள்ளிவாசல், கல்யாண வீடு ஆகியவற்றைப் பற்றி, அவ்வூர்ப் பேச்சுத்தமிழிலேயே படங்களுடன் சிறு கதைகள் எழுதித் தாருங்கள். ஒரு கதைக்குப் பத்து வாக்கியங்கள் போதும். தமிழ் கற்றதன் பயன்களில் அதுவும் ஒன்றாகட்டும்.