பிம் இருந்தும் பீமில் ஓட்டை

பெங்களூர் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் இருக்கிறது என் ஷெட். ஏசி டக்ட் செய்கிறோம். ஜிஐ ஷீட்டை வெட்டி, மடித்து, ஃபிளேஞ்ச் பூட்டி, சைட்டுக்கு வண்டி ஏற்றுவோம். கிருஷ்ணகிரியிலிருந்து பிழைக்க வந்து 22 வருஷம் ஆகிறது. பெரிய கட்டுமான கம்பெனிகளின் டிஜிட்டல் பெருமை எல்லாம் கடைசியில் எங்கள் கட்டிங் மேஜைக்குத்தான் வந்து சேரும். அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

சென்ற ஆண்டு ஓர் அலுவலகக் கட்டட வேலை. முதல் மீட்டிங்கில் சுவர் அகலத் திரையில் கட்டடத்தைச் சுழற்றிக் காட்டினார்கள். பைப் ஒரு நிறம், டக்ட் ஒரு நிறம்; எதுவாவது ஒன்றோடொன்று முட்டினால் அந்த இடம் சிவப்பாகும். இதற்கு ‘பிம்’ என்று பெயர். மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் ஒருமுறை கட்டிப் பார்த்துவிடுவது. அதில் வரும் ஒவ்வொரு கதவுக்கும் வால்வுக்கும் அளவு, பொருள், செய்தவர் விவரம் எல்லாம் கூடவே இருக்கும்.

மூன்று மாதம் கழித்து நாலாவது மாடியில் டக்ட்டை மேலே தூக்கினோம். பீம் இடித்தது. மாடலில் அதன் ஆழம் 600 மில்லிமீட்டர். டேப் வைத்துப் பார்த்தால் 750. நடுவில் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் மாற்றியிருக்கிறார். அந்த மாற்றம் மேஸ்திரியின் போனுக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, மாடலுக்கு மட்டும் வரவில்லை. ஃபால்ஸ் சீலிங்கை இறக்க முடியாது என்றார்கள். நாங்கள் செய்து அனுப்பிய 18 டக்ட் பீஸ் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. ஸ்பிரிங்க்ளர் பைப்புக்கு, கன்சல்டன்ட்டைக் கூப்பிட்டு, கம்பியில் படாமல் அந்தப் பீமிலேயே கோர் கட்டிங் செய்து ஓட்டை போட்டார்கள். ஷீட் நஷ்டம் என் கணக்கில்.

அந்தக் கம்பெனியைக் கேட்டால் ‘நாங்கள் பிம்மில் இரண்டாம் நிலை’ என்பார்கள். இந்த நிலைக் கணக்கு பிரிட்டனில் பிறந்தது. பூஜ்யம் என்றால் வெறும் 2டி டிராயிங். மூன்று என்றால் எல்லோரும் ஒரே மாடலில் வேலை செய்வது. 2016 ஏப்ரல் முதல் அங்கே மத்திய அரசு பணம் போடும் கட்டுமானங்களுக்கு இரண்டாம் நிலை கட்டாயமானது. அளவுகோலில் தப்பில்லை. யாரை வைத்து அளக்கிறோம் என்பதில்தான் தப்பு. தலைமை அலுவலகத்தில் பிம் மேனேஜர் உட்கார்ந்து, நிலையை அளக்கும் கேள்வித்தாளை நிரப்புகிறார். மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டிலேயே விசாரித்தால் என்ன பதில் வரும்?

நம்மால் முடியாது என்பதும் இல்லை. நாக்பூர் மெட்ரோவில் மாடலோடு கால அட்டவணையையும் செலவுக் கணக்கையும் கோத்து ‘5டி பிம்’ என்று செய்தார்கள். இதே பெங்களூரில் எத்தனையோ அலுவலகங்களில் நம் பிள்ளைகள் அமெரிக்கக் கட்டடங்களுக்கு ராத்திரி பகலாக மாடல் போடுகிறார்கள். ஆள் இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது. சைட்டில் நடந்த மாற்றத்தை அன்றைக்கே மாடலில் ஏற்றும் ஒழுங்குதான் இல்லை. உரிமையாளர் கடைசி நிமிஷத்தில் மாற்றுகிறார், பழகிய ஆள் வேலையை விட்டுப் போகிறார் என்று கம்பெனிகள் சொல்வது நியாயம்தான். ஆனால் மாற்றமே வராது என்றால் மாடல் எதற்கு?

கட்டி முடித்த பிறகும் மாடலின் தேவை தீராது. எங்கள் தலைக்கு மேலே போகும் துமகூரு ரோடு மேம்பாலத்தை 2021 டிசம்பரில் மூடினார்கள். 102, 103-ஆம் தூண்கள் பக்கம், கான்கிரீட்டுக்குள் ஓடும் கேபிள்களில் கோளாறு. இரண்டு மாதத்தில் சின்ன வண்டிகளை விட்டார்கள். லாரிகள் மேலே ஏற 2024 ஜூலை ஆயிற்று. அதுவரை எங்கள் ஷீட் லோடெல்லாம் கீழே நெரிசலில் ஊர்ந்தது. மாடல் இருந்திருந்தால் கேபிள் கெட்டிருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கான்கிரீட்டுக்குள் என்ன இருக்கிறது, எப்போது போட்டது, கடைசியாக யார் பார்த்தது என்ற பதிவு கையில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று அந்த இரண்டரை வருஷம் பீன்யாவுக்கே பாடம் நடத்தியது.

ஒரு கம்பெனியின் பிம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க என்னிடம் மூன்று கேள்விகள் உண்டு. மேஸ்திரி கையில் இருக்கும் டிராயிங்கின் ரிவிஷன் நம்பரும் மாடலின் ரிவிஷன் நம்பரும் ஒன்றா? சைட்டில் ஒரு பீம் மாறினால் எத்தனை நாளில் மாடலில் மாறும், அது யார் பொறுப்பு? சாவியைக் கொடுக்கும் நாளில், கட்டியபடியே இருக்கும் மாடலைப் பராமரிப்பு ஆட்களிடம் கொடுக்கிறார்களா? டெண்டர் விடும் அரசுத் துறைகள் கம்பெனி காட்டும் பிம் சான்றிதழைப் பார்ப்பதோடு நிற்காமல், நடக்கிற சைட் ஒன்றுக்குப் போய் இந்த மூன்றையும் கேட்கட்டும். அரை நாள் வேலை.

ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 3டி படம் காட்டுவார்கள், பார்த்து ரசியுங்கள். பிறகு, குளியலறைச் சுவருக்குள் பைப் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் கடைசி டிராயிங்கைக் கேளுங்கள். அதைத் தர முடியாதவரிடம் இருப்பது மாடல் இல்லை, விளம்பரம்.