28 நாளா, 14 நாளா, 10 நாளா? கணக்குச் சொல்லாத விதியும் கதவடைத்த வீடுகளும்



கொரோனா ஓய்ந்து வருடங்கள் ஆகிவிட்டன, இப்போது அதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலையை விலக்கிக்கொண்டது உண்மைதான். முகக்கவசத்தைக் கழற்றினோம். வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்தோம். ஆனால் அந்தக் காகிதம் ஏன் ஒட்டப்பட்டது, எத்தனை நாள் இருக்க வேண்டும், ஒட்டும் அதிகாரம் யாருக்கு என்று நம்மில் எத்தனை பேருக்கு இன்றைக்கும் தெரியும்? பக்கத்துக் கேரளாவில் 2018 முதல் நிபா திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. திருச்சி மாவட்டத்து வாழைத்தார் கேரளாவுக்குப் போகிறது. லாரியும் ஆளும் போய் வருகிறார்கள். அடுத்த தொற்று நம் கடைவீதிக்கு வரும் நாளில் மறுபடியும் அதே குழப்பத்தில் விழப் போகிறோமா? இதைத்தான் நாம் இப்போது, பதற்றம் இல்லாத நாளில், உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒரே சொல், இரண்டு விதி

குழப்பத்தின் முதல் முடிச்சு சொல்லிலேயே விழுந்தது. நோயாளியோடு பழகியவர், தனக்கும் நோய் வருகிறதா என்று பார்ப்பதற்காக ஒதுங்கி இருப்பது ஒன்று. நோய் உறுதியானவர், பிறருக்குப் பரவாமல் இருப்பதற்காக ஒதுங்கி இருப்பது வேறொன்று. மருத்துவத்தில் இவை இரண்டுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனிக் கணக்கும் உண்டு. ஆனால் நமக்குச் சொல்லப்பட்ட தமிழ்ச் சொல் ஒன்றுதான்: தனிமைப்படுத்தல்!

விளைவு என்ன? பாலக்கரையில் ஒரு கடைக்காரர் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு நோய் உறுதியாகிறது. பத்து நாள் கழித்து அவன் வெளியே வரலாம் என்கிறார்கள். நோயே இல்லாத தகப்பனார் 14 நாள் உள்ளேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். நோய் வந்தவன் வெளியே, வராதவர் உள்ளே! "இது என்ன நியாயம்?" என்று அவர் கேட்டால் அது அறியாமை ஆகாது. காரணத்தை யாரும் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினை.

காரணம் எளிதானது. கிருமி உடலுக்குள் நுழைந்தபின் நோயாக வெளிப்பட 14 நாள் வரை ஆகலாம் என்பது அன்றைய மருத்துவக் கணக்கு. அதனால் பழகியவர் அத்தனை நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். நோய் வந்தவர் விஷயத்தில் அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். லேசான நோயில் பத்து நாளுக்குப் பிறகு பிறருக்குப் பரவும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. ஒன்று காத்திருக்கும் கணக்கு, மற்றது ஆறும் கணக்கு. தொடங்கும் நாளும் வேறு, முடியும் நாளும் வேறு. தகப்பனாருக்கு எண்ணிக்கை தொடங்குவது நோயாளியோடு கடைசியாகப் பழகிய நாளிலிருந்து. இடையில் ஆறாம் நாள் தாயாருக்கும் நோய் வந்து, தகப்பனார் அவரோடு பழகியிருந்தால், எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து! இந்த நாலு வரியை ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தால் எத்தனை வாக்குவாதம் மிஞ்சியிருக்கும்!

மாறிக்கொண்டே போன கணக்கு

இரண்டாவது முடிச்சு, நாள் கணக்கு மாறிய வேகம். 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களைத் தமிழக சுகாதாரத் துறை 28 நாள் கண்காணித்தது. நோயாளியோடு பழகியவர்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் 14 நாள். 2020 மே 10 அன்று, லேசான நோயோடு வீட்டிலேயே இருப்பவருக்கு 17 நாள் என்றும், கடைசிப் பத்து நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது என்றும் விதி வந்தது. 2020 மே 24 அன்று, விமானத்தில் திரும்புவோருக்கு ஏழு நாள் விடுதி, ஏழு நாள் வீடு என்று வகுத்தார்கள். 2021 ஏப்ரல் 28 அன்று வீட்டு நோயாளிக்குப் பத்து நாள். 2022 ஜனவரி 5 அன்று அதுவும் ஏழு நாளாகக் குறைந்தது. கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால் போதும்.

புதிய நோய், அறிவு வளர வளர விதி மாறத்தான் செய்யும். அதில் குற்றம் காண முடியாது. ஆனால் மாற்றியவர்கள் ஏன் மாற்றினோம் என்று மக்களிடம் சொல்லவில்லையே! சவூதியிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒருவர் 28 நாள் அடைந்து கிடந்தார். சில மாதம் கழித்து அவருடைய தம்பி வந்து இறங்கினார். அவருக்கு 14 நாள்தான். அப்படியானால் அந்த முதல் 28 நாள் வீண்தானே என்று மக்கள் நினைத்தார்கள். விதியின் மீதிருந்த மதிப்புப் போயிற்று. மதிப்புப் போன விதியை எத்தனை காவலர் நின்றாலும் காப்பாற்ற முடியாது. தராசின் முள் ஏன் ஆடியது என்று வாடிக்கையாளரிடம் விளக்கத் தெரியாத கடைக்காரரிடம் யார் இரண்டாம் முறை சரக்கு வாங்குவார்?

ஒரு குளியலறை வீடு

மூன்றாவது முடிச்சு வீடு. நல்ல காற்றோட்டமுள்ள தனி அறை, இயன்றால் தனிக் கழிப்பறை என்றது வழிகாட்டுதல். தென்னூரிலும் ஆழ்வார்தோப்பிலும் ஒரே அறையும் ஒரே கழிப்பறையுமாக ஆறு பேர், ஏழு பேர் வாழும் வீடுகள் எத்தனை! அங்கே யார் யாரிடமிருந்து தனித்திருப்பது?

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால் வேறொரு காட்சி. அங்கே உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் இடமுள்ள வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதிய தம்பதிகள் தனியாக இருக்கிறார்கள். ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவர்தான் பணிவிடை செய்ய வேண்டும். அவரும் எழுபதைக் கடந்தவர். மருந்து வாங்கி வருவது யார்? கேஸ் சிலிண்டரை உள்ளே தூக்கி வைப்பது யார்? பாலக்கரைக்கு இடப் பற்றாக்குறை, ஸ்ரீரங்கத்துக்கு ஆள் பற்றாக்குறை. 1994 முதல் இரண்டும் ஒரே மாநகராட்சிக்குள்தான் இருக்கின்றன. ஆனால் ஒரே அளவில் தைத்த சட்டையை இரண்டு பேருக்கும் மாட்டிவிட்டார்கள்!

கைபேசிச் செயலியின் கதையும் இதுதான். 2020 ஏப்ரல் 2 அன்று ஆரோக்ய சேது வந்தது. ஆளுக்கொரு கைபேசி, அதில் எப்போதும் புளூடூத் என்ற கணக்கில் செய்யப்பட்டது அது. ஒரே கைபேசியை வீடே பயன்படுத்தும் குடும்பத்தை அது எப்படிக் கணக்கெடுக்கும்? தொடர்பு கண்டறியும் அதன் வசதி 2022-இல் நிறுத்தப்பட்டும் விட்டது.

தொடர்பைத் தேடுவதா, குற்றவாளியைத் தேடுவதா?

இப்போது நம் நெஞ்சைச் சுட்ட விஷயத்துக்கு வருவோம். 2020 மார்ச் 31 அன்று தமிழகத்தில் புதிதாக 57 பேருக்கு நோய் என்றும், அதில் 50 பேர் டில்லி மாநாட்டோடு தொடர்புடையவர்கள் என்றும் அறிவிக்கப்பட்டது. மறுநாள் 110 பேர். அத்தனை பேரும் அதே தொடர்பு. அரசு வேண்டுகோள் விடுத்தது. டில்லி சென்று திரும்பிய நூற்றுக்கணக்கானோர் தாமாகவே முன்வந்து பெயர் கொடுத்தார்கள். பரிசோதனைக்கு உட்பட்டார்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் சேர்ந்தார்கள். குணமாகி வீடு திரும்பினார்கள்.

ஆனால் பெயர் கொடுத்தவருக்குக் கிடைத்தது என்ன? பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. தெருவில் பழம் விற்கும் ஏழை வியாபாரியிடம்கூட, "நீ யார்?" என்று பெயர் கேட்டுத் துரத்தினார்கள். தமிழக அரசு சில நாட்களில் விழித்துக்கொண்டு தன் அறிவிப்பில் மாநாட்டின் பெயரை விட்டது. 'ஒரே மூலத் தொற்று' என்ற பொருளில் குறிப்பிடத் தொடங்கியது. எந்தச் சமூகத்தின் மீதும் பகுதியின் மீதும் முத்திரை குத்தக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமும் 2020 ஏப்ரல் 8 அன்று அறிவுரை வெளியிட்டது. அதற்குள் காயம் பட்டாயிற்று.

அடுத்த மாதமே கோயம்பேடு வெடித்தது. 2020 மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களால் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று நோய் பரவியது. அப்போது கோயம்பேடு வியாபாரிகளின் மதம் என்ன என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கூட்டம் கூடினால் கிருமி பரவும். அது மாநாடா, சந்தையா என்று கிருமி பார்ப்பதில்லை. அந்த நியாயம் ஏப்ரலிலும் இருந்திருக்க வேண்டும் என்றுதான் நாம் கேட்கிறோம்.

நீதிமன்றங்கள் பின்னால் வந்து தீர்ப்புச் சொல்லின. 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, 31 வெளிநாட்டினர் மீதான வழக்கை முடித்துவைத்து அவர்கள் நாடு திரும்ப வழிசெய்தது. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தோன்றுகிறது என்று சொல்லி வழக்குகளை ரத்து செய்தது. வெளிநாட்டு விருந்தினரைத் தங்கவைத்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளை டில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தபோது தேதி 2025 ஜூலை 17. ஐந்து வருடம்!

இதில் நாம் நியாயமாகவும் பேச வேண்டும். பயணத்தை மறைத்தவர்களும் இருந்தார்கள். மறைத்தது தவறு. அப்படி மறைத்தவரின் வீட்டு முதியவர்தான் முதலில் ஆபத்துக்கு உள்ளானார். ஆனால் மறைக்கத் தூண்டியது எது? பெயர் கொடுத்தால் காவல்துறை வரும், கடை மூடப்படும், தெரு தகரத்தால் அடைக்கப்படும் என்ற பயம். பயத்தை விதைத்தவர்கள் உண்மையை அறுவடை செய்ய முடியுமா?

தொடர்பில் இருந்தவர் எல்லோரும் நோயாளியும் இல்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் 84,965 நோயாளிகளோடு பழகிய 5,75,071 பேரின் விவரத்தை ஆராய்ந்து 2020-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. நெருக்கமாகப் பழகியவர்களில் நோய் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10.7 சதவீதம், மேலோட்டமாகப் பழகியவர்களில் 4.7 சதவீதம். அதாவது, நெருங்கிப் பழகிய பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தொற்றவில்லை! தொடர்புப் பட்டியலில் பெயர் இருப்பது எச்சரிக்கை மட்டுமே. இது தெரிந்திருந்தால் அண்டை வீட்டார் அத்தனை பதறியிருக்க மாட்டார்கள்.

வாசலில் ஒட்டிய காகிதம்

வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று விசாரித்து முடித்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி ஆணையிட்டால் ஒழிய, நோயாளியின் வீட்டில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்றது. தன் வழிகாட்டுதலில் அப்படி எதுவுமே இல்லை என்று மத்திய அரசும் சொன்னது. அப்படியானால் நாடெங்கும் எத்தனை வாசல்களில் விதியில் இல்லாத காகிதம் தொங்கியிருக்கும்! பெங்களூரில் 2020 ஜூலையில் குடியிருப்புக் கதவுகளையே தகரத்தால் அடைத்தார்கள். தீப்பிடித்தால் எப்படி வெளியே ஓடுவது என்று கேள்வி எழுந்தபின் மன்னிப்புக் கேட்டு அகற்றினார்கள்.

இத்தனைக்கும் ஆணிவேராக இருக்கும் தொற்றுநோய்ச் சட்டம் 1897-இல் வெள்ளையன் போட்டது. பிளேக் நோயின்போது வீடு புகுந்து சோதனை போட்ட காலத்துச் சட்டம். அரசுக்கு அதிகாரம் தருகிறது. வீட்டில் அடைபட்டவனின் உரிமையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

அரசிடம் நாம் கேட்க வேண்டியது நான்கு. பழகியவருக்குக் 'காத்திருப்பு', நோயாளிக்குத் 'தனிமை' என்று தமிழில் இரண்டு சொல் வேண்டும். விதி மாறும்போதெல்லாம் காரணத்தோடு ஒரு பக்க அறிவிப்பு வேண்டும். சுகாதாரத் துறையின் பட்டியல் காவல்துறைக்கோ பத்திரிகைக்கோ போகக் கூடாது. அன்றாடங்காய்ச்சிகள் உள்ளே இருக்கும் நாளுக்குக் கூலி வேண்டும். வயிறு காயும் மனிதன் பதினான்கு நாள் எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். 2020-இல் கேரளா நோயாளியின் பெயரை விட்டுவிட்டு, அவர் எந்த நாளில் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று மட்டும் வெளியிட்டது. பெயர் சொல்லாமலே தொடர்பைத் தேட முடியும் என்பதற்கு அது சாட்சி.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பிளேக் பரவிய ஊருக்குள் நுழையாமல் படையோடு திரும்பிய உமர் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குப் புதிதல்ல. ஒதுங்கி இருப்பது கோழைத்தனம் என்று யாரும் நமக்குச் சொல்லித் தர முடியாது. ஒவ்வொரு மஹல்லாவிலும் தனியாக வாழும் முதியவர்களின் கணக்கு ஜமாஅத்தின் கையில் இருக்கட்டும். ஒரே அறை வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால், மதரஸாவிலோ திருமண மண்டபத்திலோ நான்கு கட்டில் போட இடம் பார்த்து வையுங்கள். மதம் பாராமல் உடல்களை அடக்கம் செய்த இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவருக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது அதைவிடக் கடினமா? அந்த உதவி பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்து முதியவரின் வாசலுக்கும் போகட்டும்.

வியாபாரிகளே! கடனுக்குக் கணக்கு எழுதுகிறீர்கள். தொற்றுக் காலத்தில் கடைக்கு வந்த சுமைதூக்குபவர், லாரி ஓட்டுநர், வேலையாள் பெயரையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு ஒருவருக்கு நோய் என்றால், கடைவீதி முழுவதையும் மூடாமல் அந்த நான்கு பேரை மட்டும் ஒதுக்கி வைக்க அந்த ஒரு பக்கம் போதும். உங்கள் கடையும் திறந்திருக்கும், உங்கள் ஆளும் பிழைப்பார்.

வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கலையும் முன், உங்கள் மஹல்லாவில் இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். நோய் வந்தபின் கூடிப் பேச முடியாது, சகோதரர்களே!