உறங்குவது வாக்காளர் அல்ல

2024 நவம்பரில் டொனால்டு டிரம்ப் மீண்டும் வெற்றி பெற்றதும், அமெரிக்கத் தாராளவாதிகள் பலர் ஒரு முடிவுக்கு வந்தனர். கருக்கலைப்பு உரிமை என்ற முழக்கம் எடுபடவில்லை; இளைஞர்களுக்கும் எப்போதாவது மட்டுமே வாக்களிப்போருக்கும் அதில் அக்கறை இல்லை என்பதே அம்முடிவு. தோற்ற கட்சியின் பழியை மக்கள் தலையில் சுமத்தும் இவ்வாதத்தை அண்மைக்கால வரலாறே மறுக்கிறது.

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை ரத்து செய்தது. ஆறு வாரங்கள்கூட முடியாத நிலையில், ஆகஸ்ட் 2 அன்று கான்சாஸ் மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்தது. மாநில அரசியல் சாசனத்திலிருந்து கருக்கலைப்பு உரிமையை நீக்குவதே அதன் நோக்கம். வழக்கமாகக் குறைந்த வாக்குகளே பதிவாகும் முதனிலைத் தேர்தல் நாளை அதற்குத் தேர்ந்தெடுத்திருந்தனர் பிற்போக்காளர்கள். மக்கள் வரமாட்டார்கள் என்பதே அவர்களின் கணக்கு. மக்களோ 2018 முதனிலைத் தேர்தலைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகத் திரண்டு வந்தனர். எக்கட்சியிலும் பதிவு செய்யாதவர்களும், புதிதாகப் பதிவு செய்த பெண்களும் வந்தனர். குடியரசுக் கட்சியின் கோட்டையான அம்மாநிலத்தில் 59 விழுக்காட்டினர் அத்திருத்தத்தை நிராகரித்தனர். மறு ஆண்டு ஓஹியோவிலும் ஏறத்தாழ 57 விழுக்காட்டு வாக்குகளுடன் அவ்வுரிமை மாநில சாசனத்தில் இடம்பெற்றது.

டிரம்ப் வென்ற அதே நாளில், அவர் வென்ற அரிசோனாவிலும் மிசூரியிலும் கருக்கலைப்பு உரிமையும் வென்றது. புளோரிடாவில் 57 விழுக்காட்டினர் ஆதரித்தும், 60 விழுக்காடு வேண்டும் என்ற விதி அதனை வீழ்த்தியது. ஆக, தோற்றது உரிமை அல்ல. அவ்வுரிமையின் காவலனாகத் தன்னைக் காட்டிக்கொண்ட ஜனநாயகக் கட்சியே.

அக்கட்சியை மக்கள் ஏன் நம்பவில்லை? ரோ தீர்ப்பை நாடாளுமன்றச் சட்டமாக்க அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவகாசம் இருந்தது. பதவிக்கு வந்ததும் அதனைச் செய்வதாக வாக்களித்த ஒபாமா, 2009இல் இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தபோதே, அது முதன்மைப் பணி அன்று என்று ஒதுக்கினார். ஏழைப் பெண்களின் கருக்கலைப்புக்கு ஒன்றிய அரசின் மருத்துவ நிதியை மறுக்கும் ஹைட் திருத்தம் 1976 முதல் இரு கட்சிகளின் ஆட்சியிலும் நீடிக்கிறது. செல்வந்தர் வீட்டுப் பெண் விமானம் ஏறி வேறு மாநிலம் செல்வாள். விடுப்பு எடுத்தால் கூலியை இழக்கும் பெண் எங்கே செல்வாள்? அவளுடைய உரிமை தேர்தல் தோறும் தூண்டிலில் குத்தும் புழுவாகவே பயன்பட்டது.

மிசூரி வாக்காளர்கள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. கருக்கலைப்பு உரிமைக்கு ஒப்புதல் தந்த அதே நாளில், குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கவும், ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்புக்கும் அவர்கள் ஒப்புதல் தந்தனர். மறு ஆண்டே குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை அவ்விடுப்பை ரத்து செய்தது. கருக்கலைப்பு உரிமையைத் திரும்பப் பறிக்கும் திருத்தத்தை 2026 வாக்கெடுப்புக்கு அனுப்பியது.

வாக்குப்பெட்டியில் வென்றதை வாக்கு மட்டுமே காத்துவிடாது என்பதே இதன் பொருள். எப்போதாவது வாக்களிப்பவர் அரசியலற்றவர் அல்லர். தம் வாழ்வைத் தொடாத அரசியலை நிராகரிப்பவர். தேர்தலுக்கு முந்தைய வாரம் அனுப்பும் குறுஞ்செய்தி அவரைத் திரட்டாது. உடல் மீதான உரிமையையும் கூலியையும் விடுப்பையும் மருத்துவமனையையும் ஒரே போராட்டமாக இணைத்து, தேர்தல் முடிந்த பின்னும் அவர் வாசலில் நிற்கும் இயக்கமே திரட்டும். அவர் உறங்கவில்லை, கதவைத் தட்ட வேண்டியவர்களே உறங்கினார்கள்.