சாமையும் வகுப்பறைத் தலைமையும்

அரசு, சந்தை, தன்னார்வ அமைப்பு ஆகிய முத்தரப்பையும் இணைத்து இயக்கும் ஆற்றலே பல்துறை மேம்பாட்டுத் தலைமை எனப்படுவது. அதை நேர்வு ஆய்வு, அதாவது எழுதிவைத்த நிகழ்வொன்றை அலசி முடிவெடுக்கப் பழகும் முறை, வகுப்பறையிலேயே ஊட்டிவிடும் என்றும், களத்தில் தங்குவது காலவிரயம் என்றும் வாதிடுவோர், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சாமை ஏன் அருகியது என்று விளக்க முயன்று பார்க்கலாம். ஏட்டுவிடை எளிது: ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி கூடுதல் பணம் தந்தது. அது பாதி உண்மையே. மலையாளிப் பழங்குடிப் பெண்கள் சாமையை உரலிலிட்டு இடித்து, முறத்தில் புடைத்து, உமி நீங்காதவற்றை மறுபடியும் இடித்த உழைப்புக்கு எந்தச் சாகுபடிச் செலவுக் கணக்கிலும் கூலி எழுதப்படுவதில்லை. அந்தச் சலிப்பும் சேர்ந்தே தானியத்தை அடுப்பங்கரையிலிருந்து விரட்டியது. 1990களிலிருந்து அங்கே பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதை வங்கிகளோடு நிற்காமல், சிறு அரவை எந்திரங்களையும் சுயஉதவிக் குழுக்கள்வழி விற்பனையையும் இணைத்துக்கொண்டது இதனால்தான்.

களத்தில் தங்கினாலே தலைமை வந்துவிடும் என்பதும் ஏற்கத்தக்கதன்று. வேளாண் மாணவர்களுக்குரிய ஊரகப் பணி அனுபவத் திட்டம்கூடப் பதிவேடு நிரப்பும் சடங்காகச் சுருங்கக்கூடும். ஆனால், எந்திரம் பழுதானால் உதிரிபாகத்துக்கு யார் பணம் தருவது, அதுவரை எந்த வீட்டுத் தானியம் காத்திருப்பது என்பதைக் குழுவோடு பேசித் தீர்த்ததற்கு மதிப்பெண் வழங்கும் பாடத்திட்டத்தை எந்த நேர்வு ஆய்வைக் கொண்டு ஈடுசெய்வது என்பதை எதிர்த்தரப்பார் இன்னும் விளக்கவில்லை.