இருபது வரை எண்ணத் தெரியுமா?

மளிகைக் கடையில் இரண்டு கிலோ துவரம்பருப்பைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரு விநோத எண்ணம் வந்தது. 'அடேடே, இது நம்ம பேரனைவிட 200 கிராம் கனம்!'

பாக்கெட்டை நான் ஏந்திப் பார்த்த விதத்தில் கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன சார், எடை குறையுதா?"

"குறையுதுதான். ஆனா உங்க பருப்புல இல்லே" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்க எனக்குத் தெம்பில்லை. முந்தின ராத்திரி நான் தூங்கியது மொத்தம் இரண்டு மணி நேரம்.

சமாசாரம் இதுதான். என் பெண்ணுக்கு 30-வது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை 1 கிலோ 250 கிராம். அழுததாகச் சொன்னார்கள், எனக்குப் பூனைக்குட்டி முனகியது மாதிரிதான் கேட்டது. 46 நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். மூக்கில் குழாய், காலில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு பட்டி. பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டில் என் பெண்ணின் பெயருக்கு முன்னால் 'பேபி ஆஃப்'. அவ்வளவுதான் அவன் விலாசம். 1 கிலோ 800-க்கு வந்ததும், "மூச்சு நிக்கறது ஒரு வாரமா இல்லே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சந்தோஷமாக இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? உண்மையைச் சொல்கிறேன், அடி வயிறு கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் ராப்பகலாக 'பீங் பீங்' என்று கத்தியபோது, 'சனியன், எப்போது நிற்கும்' என்று சபித்தவன் நான். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி அந்தச் சத்தம் இல்லாமல் தவித்துப் போனேன். மெஷின் சும்மா இருந்தால், குழந்தை நன்றாக இருக்கிறானா என்று எப்படித் தெரியும்?

ஆகவே நாங்களே மெஷின் ஆனோம். ராத்திரி 10 முதல் 1 வரை என் மனைவி. 1 முதல் 4 வரை நான். அதன்பின் பெண். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. சனி, ஞாயிறு மட்டும் மூன்று பேர் டியூட்டியையும் அவரே பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ரயிலில் நின்றுகொண்டே தூங்குவார்.

பால் கொடுப்பதே ஒரு யாகம். இரண்டு மணிக்கு ஒரு தரம், 25 மில்லி. தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, டாக்டர் கொடுத்த பொடியைக் கலந்து கொடுக்க வேண்டும். "பாலாடையில கொடுங்க" என்று நர்ஸம்மா சொன்னதும் நான், காபி மேல் மிதக்கும் வஸ்து என்று நினைத்து, "அது செரிக்குமா?" என்று கேட்டேன். மூக்கு நீண்ட சின்னக் கிண்ணமாம். என் மாமியார் காலத்து வெள்ளிப் பாலாடை ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்தாள் மனைவி. ஒரு துளி, ஒரு மூச்சு, ஒரு துளி என்று புகட்டி முடிக்க அரை மணி. கழுவி, கொதிக்கவைத்து, நிமிர்ந்தால் அடுத்த வேளை.

இதற்கு நடுவே கங்காரு வேலை வேறு. குழந்தையை வெறும் மார்பில் போட்டு, மேலே துணியால் கட்டிக்கொள்வது. 1978-ல் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகரத்து டாக்டர் எட்கர் ரே என்பவர், பெட்டிகள் போதாமல், தாயின் உடம்புச் சூட்டையே பெட்டியாக்கினார். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமே, நாளைக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது. தாய் ஒருத்தியால் முடியுமா? "வீட்டுல ஆரோக்கியமா இருக்கற யார் வேணா செய்யலாம்" என்றார் டாக்டர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரிட்டயரான ஹெட் கிளார்க். வேறு ஜோலி கிடையாது.

பனியனைக் கழற்றிவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தேன். அவனைக் கொண்டுவந்து மார்பில் வைத்தாள் பெண். முதலில் நரைத்த ரோமம் குத்தியோ என்னவோ முகத்தைச் சுளித்தான். பிறகு ஒரு பெருமூச்சு விட்டான். ஒரு கவளம் சாதம் அளவு தலை. 36 வருஷ சர்வீஸில் ஒரு ஆபீசரும் என்னை இவ்வளவு நம்பியது கிடையாது.

வாசல் இலாகா என் மனைவியுடையது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. ஜலதோஷம் என்றால் வாசலோடு சரி. எதிர் வீட்டு மாமி சாம்பிராணித் தட்டோடு வந்து திரும்பிப் போனார். ஒரு தூரத்து அத்தை, "மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால் சரியாப் போகும்" என்று வைத்தியம் சொல்லி, காபிகூடக் கிடைக்காமல் பஸ் ஏறினார். கீழ் போர்ஷன்காரர் நல்ல மனுஷர், எட்ட நின்றுதான் கேட்டார்: "பேரனுக்கு எத்தனை மாசம் சார்?"

"கணக்குப்படி இன்னும் பிறக்கலே" என்றேன். பொய்யில்லை. டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வளர்ச்சியெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் பார்க்க வேண்டுமாம். (ஜோசியர் எந்தத் தேதிக்கு ஜாதகம் எழுதுவார் என்பது தனி வழக்கு.)

டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று சொல்லியிருந்தார். குறைமாசக் குழந்தைகள் மூச்சை விட்டு விட்டு விடும். ஐந்து விநாடி, எட்டு விநாடி நிறுத்திவிட்டுத் தானே தொடரும், பயப்பட வேண்டாம். 20 விநாடி ஆனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உள்ளங்காலைத் தேய்த்துவிட்டு உடனே ஓடிவர வேண்டும். என் மரமண்டையில் 20 என்ற எண் மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

பத்தாவது நாள் ராத்திரி, மணி மூன்று பத்து. விடிவிளக்கு வெளிச்சத்தில் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது. வாட்சைப் பார்த்து எண்ணினேன். ஏழு... எட்டு... பத்து வரை நான் தைரியசாலி. பதினொன்றில் எனக்கு மூச்சு நின்றது. பதினாலில் வாட்சை விட்டுவிட்டு அவன் உள்ளங்காலைத் தேய்த்தேன். திடுக்கிட்டு, வீல் என்று கத்தினான். அப்படி ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. நிறம் மாறவில்லை, உதடு சிவப்பாகத்தான் இருந்தது. பக்கத்து அறையில் எல்லோரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறார்கள். 20 ஆகவில்லையே, எதற்கு எழுப்புவது? நோட்டில் '3.10 – 14' என்று பொடி எழுத்தில் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியதில் 14 என்பது 19 மாதிரி விழுந்திருந்தது.

காலையில் பெண் நோட்டைப் பார்த்துவிட்டாள். "என்னப்பா இது? 19-ஆ?"

"14-ம்மா."

"என்னை ஏன் எழுப்பலே?"

"நீ நாலு நாளா தூங்கலே. அதான்..."

அவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டை நாலைந்து பக்கம் பின்னால் திருப்பி என்னிடம் நீட்டினாள். பால் 25 மில்லி, சிறுநீர் ஒரு தரம் என்று நான் கோடு போட்டுக் கொடுத்த பக்கங்கள். அவள் டியூட்டி நேரத்தில், ஓரத்தில், பென்சிலால்: 9. 11. 8. 12. என் கண்ணில் படாதபடி அத்தனை சின்னதாக.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். "எனக்கு வாட்ச் பார்க்கத் தெரியாது, இருட்டுல கண் தெரியலே. நான் முருகான்னு எண்ணுவேன். முந்தாநாள் பத்து முருகா ஆச்சு" என்றாள். இவளும்! ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆட்டோ பிடித்தோம். டாக்டர் நோட்டை வாங்கிப் படித்தார். "14 வரைக்கும் எண்ணிட்டு இருந்தீங்களா? போன் எதுக்கு சார் இருக்கு?" என்று அதட்டினார். கோபித்துக்கொள்ளும் டாக்டர்தான் எனக்குப் பிடிக்கும், சிரிக்கிறவர்களிடம்தான் பயம். ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒரு ராத்திரி மெஷினில் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

மறுபடி அதே 'பீங் பீங்'. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் பெண் நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். பத்து நாளில் முதல் தடவையாக, ஆறு மணி நேரம், வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். சின்ன வயதில் தூங்குவாளே, அதே மாதிரி. நர்ஸம்மா எழுப்பப் போனார். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, 25 மில்லியை நானே புகட்டினேன். சிந்தியது இரண்டே துளி.

ராத்திரி முழுக்கப் பெரிய இடைவெளி எதுவும் வரவில்லை. ரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்புச் சத்துச் சொட்டு மருந்தின் அளவை மாற்றி எழுதிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தைத் தாண்டினால் எந்த நேரமானாலும் போன் செய்ய வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பத்தைத் தாண்டினால் மற்ற இருவரையும் எழுப்ப வேண்டும் என்பது என் பெண்ணின் உத்தரவு. நோட்டில் அதற்கென்றே தனிக் கட்டம் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பேனாவில் எழுதுகிறாள்.

நேற்று எடை பார்த்தார்கள். 2 கிலோ 110. திரும்பும் வழியில் மளிகைக் கடையில் ஆட்டோவை நிறுத்தி, துவரம்பருப்பைத் தாண்டிவிட்டான் என்று சொன்னேன். கடைக்காரர் இந்தத் தடவையும் புரியாமல்தான் விழித்தார். ஆனாலும், "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார்.