கப்பல்ல கொடி கட்ட விடுவாங்களா?

சிங்கப்பூரிலிருந்து ஐந்து ராத்திரி கப்பல் பயணம் என்று முடிவானதும் எங்கள் வீட்டில் துள்ளிக் குதிக்காத ஒரே ஆள், அத்தை. என் மாமியார். வயது 71. "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்றார். கப்பல் ஆடும், வயிற்றைப் பிரட்டும், சாப்பாடு ஒத்துக்காது என்று தினம் ஒரு காரணம். அவர் மகன் கெஞ்சினார், பேத்தி அழுதாள். அத்தை அசையவில்லை.

ஒரு நாள் இரவு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்: "அங்க துணி துவைக்க இடம் இருக்குமாம்மா? கப்பல்ல கொடி கட்ட விடுவாங்களா?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருடமாக ராத்திரியில் தன்னை அறியாமல் துணி நனைந்துவிடுகிறதாம். அத்தை விடியற்காலை நாலரைக்கு எழுந்து துணி துவைப்பதை, பழைய காலத்துப் பழக்கம் என்றே நான் நினைத்திருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு வருடம்! சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். அதனால் எரிச்சல் வேறு.

முதலில் டாக்டரிடம் போனோம். வயசானால் இப்படித்தான் என்று விடவேண்டிய விஷயம் இல்லை, இதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு என்றார். ஆனால் பயணத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. எல்லாம் அதற்குள் சரியாகிவிடாது. எனவே துணி துவைப்பதற்கு ஒரு திட்டம் போடவேண்டியிருந்தது. இந்த வாரம் எழுதப்போவது அதைத்தான். சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுகிறவர்களுக்கும் இதே திட்டம் உதவும்.

சிங்கப்பூரில் மூன்று இரவு, கப்பலில் ஐந்து இரவு, மொத்தம் ஒன்பது நாள். விமானத்தில் ஆளுக்கு 20 கிலோதான். நாளைக்கு ஒரு செட் என்று அடுக்கினால் பெட்டி அதிலேயே நிரம்பிவிடும். நான் ஆளுக்கு ஐந்து செட்டோடு நிறுத்தினேன். நடுவில் இரண்டு முறை கரையில் மெஷினில் துவைப்பது, அத்தையின் துணியை மட்டும் தினமும் இரவு கையால் அலசுவது என்று கணக்கு. அறை இரண்டு எடுத்தோம். அப்பாவும் மகளும் ஒன்றில், நானும் அத்தையும் இன்னொன்றில். செலவு கூடத்தான். ஆனால் நாலு பேர் ஒரே பாத்ரூமுக்கு வரிசை கட்டினால் அத்தை அந்த ஐந்து நாளும் தண்ணீரே குடிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கப்பலில் துவைக்கும் செலவைக் குறைக்க நான் கண்ட சுலபமான வழி, ஏறுவதற்கு முந்தைய நாள் எல்லாவற்றையும் துவைத்துவிடுவது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவில் நாங்கள் தங்கிய ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே காசு போட்டு ஓட்டும் மெஷின் கடை இருந்தது. துவைக்க 6, உலர்த்த 6, ஆக 12 சிங்கப்பூர் வெள்ளி. நம்ம பணத்துக்கு 800 ரூபாய் சுமார். மூன்று நாள் அழுக்கும் ஒரே சுற்றில் முடிந்தது. மறுநாள் துவைத்த துணியோடு கப்பல் ஏறினோம்.

அந்த ஊர் மெட்ரோவில் 'டோபி காட்' என்று ஒரு பெரிய நிலையம் இருக்கிறது, மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் இடம். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து போன சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டிருக்கிறார்கள். பேர் மட்டும் மிச்சம். அத்தையிடம் சொன்னேன். "அப்ப நான்தான் லேட்டா வந்திருக்கேன்" என்றார். அந்தப் பயணத்தில் அவர் அடித்த முதல் ஜோக்.

கப்பலில் ஏறிய மறுநாளே என் கணக்கில் ஓட்டை விழுந்தது. போட்டவர் என் கணவர்.

அறை அலமாரியில் ஒரு பையும் ஒரு படிவமும் வைத்திருப்பார்கள். பை சும்மா கொடுத்திருக்கிறார்களே, துவைப்பதும் சும்மாதான் என்று இவர் நினைத்துவிட்டார். தன் சட்டை இரண்டு, பேன்ட் ஒன்று, மகளின் டி-ஷர்ட் இரண்டு, போதாதற்கு என் சுடிதார் செட் ஒன்று. எல்லாவற்றையும் திணித்து வெளியே வைத்துவிட்டார். மறுநாள் பில் வந்தது, 44 டாலர். கிட்டத்தட்ட 4,000 ரூபாய்!

கப்பல் சலவையில் துணி எண்ணித்தான் காசு. நம்ம சுடிதார் செட் அவர்கள் கணக்கில் மூன்று உருப்படி. டாப்ஸை 'டிரஸ்' என்று போட்டு 8 டாலர், பேன்டுக்கு 7, துப்பட்டாவுக்கு 4. ஆக 19 டாலர், அதாவது 1,600 ரூபாய்க்கு மேல். நான் அந்த செட்டை வாங்கியதே 1,400 ரூபாய்க்கு. சண்டை போடவும் முடியாது, படிவத்தில் விலை தெளிவாக இருந்தது. படிக்காதது எங்கள் தப்பு. நீங்கள் ஏறினால், அலமாரியைத் திறந்ததும் அந்தப் பையை எடுத்துப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவையுங்கள்.

எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி இல்லை. கார்னிவல், பிரின்சஸ், டிஸ்னி நிறுவனங்களின் பெரும்பாலான கப்பல்களில் பயணிகளே காசு கொடுத்துத் துவைத்துக்கொள்ள மெஷின் அறை உண்டு. ராயல் கரீபியனில் கிடையாது. டிக்கெட் போடும் முன் ஏஜென்டிடம் கேட்கவேண்டிய கேள்வி இது. நாமோ பஃபேயில் தோசை உண்டா என்று கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

நடுவில் சில கப்பல்களில் 'ஒரு பை நிறைய இவ்வளவு' என்று சலுகைச் சீட்டு கொடுப்பார்கள். எங்களுக்கு வந்தது 35 டாலர் சீட்டு. டி-ஷர்ட், நைட்டி, உள்ளாடை போன்றவற்றுக்கு மட்டும்தான். துணியை மடிக்காமல் இறுக்கிச் சுருட்டினால் பையில் நிறையப் பிடிக்கும். ஒரு வாரத்துக்கு மேல் பயணம், கூடவே சின்னக் குழந்தைகள் என்றால் லாபம். பட்டு, ஜரிகை, சாயம் போகிற துணி எதையும் அதில் போடாதீர்கள். எங்களுக்கு அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. காரணம் பினாங்கு.

மூன்றாம் நாள் கப்பல் பினாங்கில் நின்றது. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி நடக்கிற தூரத்திலேயே ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா. தமிழ்ப் பலகைகள், பூக்கடை, ஒலிபெருக்கியில் பாட்டு என்று ஏதோ நம்ம ஊர் பஜாருக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மலாய் மொழியில் சலவைக் கடைக்குப் பெயரே 'டோபி'. 'டோபி லயான் டிரி' என்று பலகை இருந்தால், நாமே துவைத்துக்கொள்ளும் கடை என்று அர்த்தம். துவைக்க 6 ரிங்கிட், உலர்த்த 5. மொத்தம் 230 ரூபாய் இருக்கும். சில கடைகளில் சோப்பை மெஷினே விட்டுக்கொள்ளும், கேட்டுவிட்டுப் போடுங்கள். துணி சுற்றிய நேரத்தில் நாங்கள் இட்லி சாப்பிட்டு காபி குடித்தோம். ஒரு மணி நேரத்தில் சூடான துணி கையில். ஊர் சுற்றிப் பார்க்கும் நேரம் போச்சே என்று மகள் முணுமுணுத்தாள். போனது ஒரு மணி நேரம்தான்.

கரையில் துவைக்கும்போது கடிகாரத்தில் ஒரு கண் வையுங்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரம் ஒன்றே. எங்கள் அடுத்த நிறுத்தமான புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். திரும்பி வரச் சொல்லும் நேரம் கப்பல் நேரமா, ஊர் நேரமா என்று இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். துணிக்காகக் கப்பலை விட்டால் 44 டாலரில் முடியாது.

இனி தினசரி அலசல். பாத்ரூம் சின்னதுதான், கை கழுவும் தொட்டி அதைவிடச் சின்னது. துவைக்கிற சோப்பைப் பாதி வெட்டி சோப்பு டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். அத்தைக்கு ஒரு சந்தேகம், கடல் தண்ணீரில் நுரை வருமா என்று. குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பே இல்லை! கடல்நீரைக் காய்ச்சி ஆவியாக்கியும், சவ்வுகள் வழியாக அழுத்தி வடிகட்டியும் கப்பலிலேயே நல்ல தண்ணீராக்குகிறார்கள். நுரை நன்றாகவே வந்தது.

அலசிய துணியை முறுக்காதீர்கள். கப்பல் கொடுக்கும் பெரிய துண்டைக் கட்டிலில் விரித்து, துணியை அதன்மேல் பரப்பி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். குளிக்கும் இடத்தில் இழுத்துக் கட்டும் மெல்லிய கயிறு ஒன்று இருக்கும், அதில் போட்டுவிட்டு பாத்ரூம் கதவைத் திறந்தே வையுங்கள். அறைச் சுவர்கள் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும். ஏசி காற்று வரும் பக்கம் நாலு கொக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துணி. பாலியஸ்டர் கலந்த நைட்டி விடிவதற்குள் காய்ந்தது. காட்டன் உள்பாவாடை மட்டும் நாடா கோக்கும் இடத்தில் இரண்டு நாளானாலும் ஈரம். பயணத்துக்கென்று அத்தைக்கு பாலியஸ்டர் பாவாடை மூன்று வாங்கியிருந்தேன். "உடம்போட ஒட்டுது" என்று கடைசிவரை திட்டிக்கொண்டேதான் கட்டினார்.

பால்கனி அறை எடுத்தவர்களுக்கு அங்கே காயப்போடத்தான் கை வரும். வேண்டாம். காற்று அடித்துக்கொண்டு போவது மட்டும் பிரச்னை இல்லை. 2006 மார்ச்சில் ஜமைக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. அணையாமல் எறிந்த சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கவேண்டும் என்றது விசாரணை. பயணி ஒருவர் இறந்துபோனார். 1998 ஜூலையில் மயாமியிலிருந்து கிளம்பிய எக்ஸ்டசி கப்பலில் தீ தொடங்கியதே சலவை அறையில்தான். வெல்டிங் பொறி, துணியிலிருந்து உதிர்ந்து சேர்ந்திருந்த பஞ்சுத் தூசில் விழுந்து, காற்றுக் குழாய் வழியாகப் பரவியது. அயர்ன் பாக்ஸைப் பெட்டியில் பார்த்தால் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருகிறார்களே என்று கோபப்படுகிறவர்கள் இதையும் யோசியுங்கள். இவர் எங்கள் பழைய அயர்ன் பாக்ஸைக் கொண்டுவரப் பார்த்தார். நான் விடவில்லை.

நாலாம் ராத்திரிக்கு வருகிறேன். அத்தைக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் பேன்ட் வாங்கியிருந்தோம். கட்டிலில் குழந்தைகளுக்குப் போடுகிற மாதிரி ட்ரை ஷீட்டும் விரித்திருந்தேன். (அந்த பேன்டைக் கழிப்பறையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கப்பலில் காற்றால் உறிஞ்சும் குழாய்கள், அடைத்துக்கொண்டால் பக்கத்து அறைகளுக்கும் சேர்த்து வினை. கவரில் கட்டிக் குப்பைக்கூடையில் போடவேண்டும்.) அன்றைக்கு ட்ரை ஷீட் நழுவிவிட்டது. ஐந்து மணிக்குத் தண்ணீர் சத்தம் கேட்டு எழுந்தேன். பாத்ரூமில் அத்தை, அவ்வளவு பெரிய படுக்கை விரிப்பை அந்தச் சின்னத் தொட்டியில் அமுக்கி அமுக்கி அலசிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. என்னைப் பார்த்ததும், "உனக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சிடலாம்னு பார்த்தேன்" என்றார்.

விரிப்பை வாங்கி, அழுக்குத் துண்டுகளோடு ஓரமாக வைத்தேன். படுக்கை விரிப்பும் துண்டும் துவைப்பதற்குக் கப்பலில் தனியாகக் காசு இல்லை, அது நாம் கொடுத்த டிக்கெட்டிலேயே இருக்கிறது என்று சொன்னேன். அத்தை நம்பவில்லை. எட்டு மணிக்கு அறையைச் சுத்தம் செய்யும் பிலிப்பைன்ஸ் தம்பியிடம் படுக்கை நனைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். "நோ ப்ராப்ளம் மேடம்." ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் புது விரிப்பு, புது மெத்தை உறை.

அத்தை கட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவில் போய் அந்தத் தம்பியைத் தேடிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் நான் கேட்காமலே ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

கடைசி ராத்திரி எதையும் அலசாதீர்கள். பெரிய பெட்டிகளை அன்று இரவே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், ஈரத் துணியோடு மாட்டிக்கொள்வீர்கள். தவிர்க்க முடியாததை ஜிப் கவரில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். அத்தையின் நைட்டி ஒன்று அப்படித்தான் சிங்கப்பூர் ஏர்போர்ட் வழியாக சென்னை வந்து, எங்கள் மொட்டை மாடிக் கொடியில் காய்ந்தது. இப்போதெல்லாம் அத்தை துணியை ஏழு மணிக்கு மேல்தான் துவைக்கிறார், எங்கள் துணிகளோடு சேர்த்து, மெஷினில்.