பக்கத்து சீட்டில் இருப்பவர் கிளீனர் இல்லை

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய தண்டனை இல்லை.

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது என் தங்கை மகன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 மே மாதம், பழனி பக்கம் ஓடிக்கொண்டிருந்த தனியார் பஸ்ஸில் டிரைவர் நெஞ்சுவலியால் சாய்ந்துவிட, கண்டக்டர் பாய்ந்து குனிந்து கையாலேயே பிரேக்கை அமுக்கி வண்டியை நிறுத்திய காட்சி. பயணிகள் பிழைத்தார்கள், டிரைவர் பிழைக்கவில்லை.

"பிளேனும் இப்படித்தான் மாமா. எல்லாம் ஆட்டோபைலட். பைலட் மயங்கிட்டா நான் போய் உட்கார்ந்து, கன்ட்ரோல் டவர்ல சொல்றபடி பட்டனை அமுக்கி இறக்கிருவேன். ஒரு பைலட்டுக்கே தண்டச் சம்பளம். இதுல பக்கத்துல லாரி கிளீனர் மாதிரி இன்னொருத்தர் வேற" என்றான்.

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள்! கல்யாண வீடு என்பதால் அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று மூடுவதாக இல்லை.

அந்தக் கண்டக்டரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பஸ் நின்றால் ஆபத்து முடிந்தது. ஆகாயத்தில் விமானம் நிற்க முடியாது. வேகம் ஓரளவுக்குக் கீழே போனால் இறக்கை தூக்காது, கீழே விழும். வேகம் கூடிப் போனால் ஓடுபாதை போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில்தான் இறக்க வேண்டும்.

கணக்குப் போடுவோம். மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ், ஆட்களோடு 15 டன், வேகம் 60 கிலோமீட்டர் என்று வையுங்கள். மதுரைக்கு வந்து இறங்கும் விமானம் சுமார் 60 டன், வேகம் சுமார் 250 கிலோமீட்டர். எடை நாலு மடங்கு. வேகமும் நாலு மடங்குக்கு மேல், அதை வர்க்கப்படுத்தினால் 17. இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 70 மடங்கு. 70 பஸ்களின் வேகத்தை ஒரே பிரேக்கில் அடக்குவது போல. ஒரு விநாடி யோசித்தால் 70 மீட்டர் தாண்டிப் போயிருப்பீர்கள்.

"டவர்ல சொல்லுவாங்க" என்றானே, நியாயமாகப் பேசினால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2022 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் விமானி நினைவிழந்துவிட, விமானம் ஓட்டியே பழகாத ஒரு பயணி, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் சொல்லச் சொல்ல பத்திரமாக இறக்கினார். ஆனால் அது ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன செஸ்னா. சொல்லிக்கொடுத்தவரும் விமானம் ஓட்டப் பயிற்சி கொடுத்த ஆசிரியர். (ஆசிரியர் என்ற வார்த்தையைக் கவனிக்கவும்.) மித்பஸ்டர்ஸ் என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் 2007-இல் இரண்டு பேர் சிமுலேட்டரில் பெரிய விமானத்தை இறக்கிப் பார்த்தார்கள். தானாக முயன்றபோது இருவரும் மோதினார்கள், ஒரு விமானி சொல்லிக்கொடுத்தபோது இருவரும் இறக்கினார்கள். சிமுலேட்டரில் பக்கத்தில் யாரும் மயங்கிக் கிடக்கவில்லை, பின்னால் 180 பேர் கதறவும் இல்லை. நிஜத்தில், பயிற்சியே இல்லாத பயணி ஒரு பெரிய ஜெட் விமானத்தை இறக்கிய சம்பவம் ஒன்றுகூட எனக்குத் தெரிந்து கிடையாது.

ஆட்டோபைலட் எதையும் தானாக யோசிக்காது. எந்த உயரம், எந்தத் திசை, எவ்வளவு வேகம், எந்த அலைவரிசை என்று ஒவ்வொன்றையும் ஆள் சொல்ல வேண்டும். தானாக இறங்கும் வசதி உள்ள விமானத்திலும் சக்கரத்தையும் ஃபிளாப்பையும் இறக்க ஆள் வேண்டும், கீழே அதற்கான கருவிகள் ஓடுபாதையில் இருக்க வேண்டும். இதெல்லாம் அப்புறம். 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானி அறைக் கதவு குண்டு துளைக்காத கதவு, உள்ளே இருந்து பூட்டியிருக்கும். மாப்பிள்ளை முதலில் அந்தக் கதவைத் திறக்கட்டும்.

2005 ஆகஸ்ட் 14. சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் போன ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737. அறைக்குள் காற்றழுத்தம் குறைந்து இரண்டு விமானிகளும் மயங்கிவிட்டார்கள். ஆட்டோபைலட் சொன்னதைச் சொன்னபடி செய்து, ஏதென்ஸ் பக்கம் வானத்தில் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு விமானப் பணியாளர் ஆக்சிஜன் பாட்டிலோடு உள்ளே போய் உட்கார்ந்தார். அவர் வெறும் பயணி இல்லை, விமானி உரிமம் வைத்திருந்தவர்! ஆனால் 737-இல் பயிற்சி இல்லை. அவர் உதவி கேட்டுக் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை, ரேடியோ பழைய ஊரின் அலைவரிசையிலேயே இருந்தது. எரிபொருள் தீர்ந்தது. 121 பேரும் இறந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2023-இல் யூகவ் நிறுவனம் அமெரிக்காவில் கேட்டபோது, டவர் உதவியோடு விமானத்தை இறக்கிவிடுவோம் என்று ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொன்னார்களாம். பெண்களில் ஐந்தில் ஒருவர்தான். எனக்கு ஆச்சரியமே இல்லை. விடை தெரியாமல் முதலில் கை தூக்கும் பையன்களை 30 வருடத்துக்கு மேல் பார்த்தவன் நான். விடை தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது "கிளீனர்" விஷயத்துக்கு வருகிறேன். கோபமே அதில்தான்.

2021 ஆகஸ்ட் 27. மஸ்கட்டிலிருந்து டாக்கா போன வங்கதேச பிமான் விமானம். ராய்ப்பூர் பக்கம் வரும்போது கேப்டன் நவுஷாத் கயூமுக்கு மாரடைப்பு. பின்னால் 124 பயணிகள். அன்று எந்தப் பயணியும் எழுந்து போய் உட்காரவில்லை. உட்கார வேண்டிய அவசியமும் வரவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த துணை விமானி கொல்கத்தா கட்டுப்பாட்டு அறையிடம் பேசி, நாக்பூருக்குத் திருப்பி, பத்திரமாக இறக்கினார். கேப்டன் சில நாளில் நாக்பூர் மருத்துவமனையில் இறந்துபோனார். பயணிகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு உலகம் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கும் பதில் அந்த இரண்டாவது சீட்தான். நம் நாட்டில் விமானி உரிமம் வாங்கவே 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அந்தந்த விமானத்துக்குத் தனிப் பயிற்சி. கிளீனராம்!

அந்த சீட்டின் பேச்சைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மங்களூர் சாட்சி. 2010 மே 22, துபாயிலிருந்து வந்த விமானம். கேப்டன் வழியில் வெகுநேரம் தூங்கியிருந்தார். இறங்கும்போது, மறுபடி மேலே ஏற்றுங்கள் என்று துணை விமானி மூன்று தடவை சொன்னதாக விசாரணையில் வந்தது. ஏற்றவில்லை. 158 பேர் போனார்கள். அத்தனை அனுபவசாலிக்கே தூக்கக் கலக்கத்தில் இந்த கதி. மாப்பிள்ளைக்குச் செல்போன் வீடியோ போதுமாம்.

இப்போது வெளிநாட்டில், பறக்கும் நேரத்தில் ஒரு பகுதிக்கு ஒரே ஒரு விமானி இருந்தால் போதாதா என்று விமானக் கம்பெனிகள் யோசிக்கின்றன. நம் ஊரிலோ 2025 டிசம்பரில் ஒரு பெரிய நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி ஆக்கிய விதியைத்தான் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் திட்டினார்கள். போதுமான ஆள் எடுக்காத கம்பெனியை ஒருவரும் கேட்கவில்லை. "ரெண்டு நாள் லீவு என்னத்துக்கு" என்று எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். அடுத்த மாதம் அவர் மகள் பச்சைக் குழந்தையோடு விமானத்தில் வருகிறாள். ஓட்டுகிறவர் தூங்கி எழுந்து வந்தவரா, தூங்காமல் வந்தவரா என்று அவர் அன்றைக்கு நினைத்துப் பார்க்கட்டும்.

மாப்ளே, வெறும் லைக் போட்டுவிட்டு ஓடிவிடாதே. அந்த சீட்டில் உட்கார்ந்த பிறகு டவரோடு பேச எந்தப் பட்டனை அமுக்குவாய், அது எங்கே இருக்கும்? கூகுள் பார்க்காமல் கீழே எழுது.